யார் வந்தாலும் திறக்கும் கதவு
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவமும் கலையும் சந்திக்கும் இடம் எதைப் பற்றியும் பேசலாம் என்று இந்த அறக்கட்டளையின் விதி சொல்கிறது. நான் ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் 1994 செப்டம்பர் 19 அன்று தொடங்கி 2009 ஏப்ரல் 2 அன்று முடிந்த 'இ.ஆர்.'. பதினைந்து பருவங்கள், 331 அத்தியாயங்கள். சிகாகோ நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் கதை. முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் புதிய தலைமுறை அதைத் தேடிப் பார்க்கிறது. அதன் வழியில் பிறந்த இன்னொரு தொடர் 2025இல் அந்நாட்டின் உயரிய தொலைக்காட்சி விருதைப் பெற்றது. இந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதே இன்றைய என் பேச்சு. ரத்தம், பரபரப்பு, காதல், அழகான நடிகர்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குப் போதவில்லை.

இந்தத் தொடரை உருவாக்கியவர் மைக்கேல் கிரைட்டன். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1969இல் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்றாரே தவிர மருத்துவத் தொழில் செய்யவில்லை; எழுத்துக்குப் போய்விட்டார். மாணவராக பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பார்த்தவற்றை 1970இல் 'ஐந்து நோயாளிகள்' என்ற நூலாக எழுதினார். 1974இல் அந்த அனுபவத்திலிருந்தே ஒரு திரைக்கதை எழுதினார். ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு முழு நாள், இருபத்துநான்கு மணி நேரம். வேறு கதை இல்லை. நோயாளிகள் வருகிறார்கள், போகிறார்கள். டாக்டர்கள் பாதித் தூக்கத்தில் எழுந்து தையல் போடுகிறார்கள். கொலைக் காயமும் விரல் சுளுக்கும் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடக்கின்றன. இதைப் படமாக்க எவரும் முன்வரவில்லை. வேகம் அதிகம், மருத்துவச் சொற்கள் அதிகம், தலையும் வாலும் இல்லை என்றார்கள். கையெழுத்துப் பிரதி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1993இல் அவரது நாவலிலிருந்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜுராசிக் பார்க்' வெளிவந்து வென்ற பிறகே ஸ்பீல்பெர்க்கின் நிறுவனத்தின் வழியே அது தொலைக்காட்சிக்கு வந்தது. 1974இல் எழுதியதை 1994இல் பெரிதாக மாற்றவும் இல்லை. ஆண் டாக்டராக இருந்த ஒரு பாத்திரம் பெண் ஆனது, இன்னொரு பாத்திரம் கறுப்பினத்தவர் ஆனார், நேரம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஏன் முடியவில்லை என்று யோசிப்பது பயனுள்ளது. அந்நாளைய அமெரிக்கத் தொலைக்காட்சி டாக்டர்கள் வேறு மாதிரி. 1961இல் தொடங்கிய 'டாக்டர் கில்டேர்', 'பென் கேசி', 1969இல் வந்த 'மார்கஸ் வெல்பி' எல்லாவற்றிலும் வாரத்துக்கு ஒரு நோயாளி, அவருக்கு ஒரு சிக்கல், அதைத் தீர்க்க ஒரு டாக்டர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு அக்காலத்துத் தொடர்களின் கதைகளைப் பார்வையிட்டுத் திருத்தம் சொல்லும் வழக்கமும் இருந்தது. டாக்டர் அப்பாவைப் போல் இருப்பார். களைத்துப் போக மாட்டார். 1982இல் வந்த 'செயின்ட் எல்ஸ்வேர்' இந்தப் பிம்பத்தைப் பெருமளவு உடைத்தது. பாஸ்டனின் ஒரு சிதிலமான மருத்துவமனை, தோற்கும் டாக்டர்கள், ஒன்றோடொன்று பின்னிய கதைகள். 'இ.ஆர்.' நடப்பதற்கு வழி போட்டது அந்தத் தொடர்தான். அதற்கு 'இ.ஆர்.' பட்ட கடன் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு, இங்கே மருத்துவம் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிரைட்டன் எழுதிய காலத்தில் அவசர மருத்துவம் என்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட ஒரு துறையே அமெரிக்காவில் இல்லை. பல மருத்துவமனைகளில் அந்த அறையை முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு முறை வந்தவர் தோல் டாக்டராகவும் இருக்கலாம், நேற்று சேர்ந்த பயிற்சி டாக்டராகவும் இருக்கலாம். 1961இல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் சில டாக்டர்கள் தங்கள் சொந்த கிளினிக்கை விட்டுவிட்டு முழுநேரமும் அவசரப் பிரிவிலேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தார்கள். 1968இல் அவர்களுக்கென ஒரு சங்கம் உருவானது. 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகம் முதல் பயிற்சிப் படிப்பைத் தொடங்கியது. 1979இல்தான் தனித்துறை என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆக அந்தத் திரைக்கதை கிடப்பில் கிடந்த இருபது ஆண்டுகளில் அதன் நாயகர்களின் தொழிலே பிறந்து வளர்ந்து நின்றது. 1994இல் தொடர் வந்தபோது மார்க் கிரீன் என்ற அவசர மருத்துவரைப் பார்த்து மக்கள் அவர் யார், எந்தத் துறை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

தொடரில் வரும் 'கவுன்டி ஜெனரல்' கற்பனை மருத்துவமனை. அதற்கு முன்மாதிரி சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனை. 1914இல் எழுந்த பெரிய கட்டடம் அது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் முதல் ரத்த வங்கியை 1937இல் பெர்னார்டு ஃபான்டஸ் என்ற மருத்துவர் அங்கேதான் தொடங்கினார். அடிபட்டு வருபவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு 1966இல் அங்கே உருவானது. அந்நாட்டில் அதுவே முதலாவது. ஆனால் சிகாகோவின் ஏழைகளுக்கு அந்த மருத்துவமனை வேறொரு காரணத்தால் முக்கியம். வேறெங்கும் சேர்க்காதவர்களை அங்கே சேர்த்துக்கொள்வார்கள்.

1980களின் முதற்பாதியில் அமெரிக்கத் தனியார் மருத்துவமனைகள், காப்பீடு இல்லாத நோயாளிகளை ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிடும் வழக்கம் பெருகியது. குக் கவுன்டி டாக்டர்கள் வாளாவிருக்கவில்லை. அப்படி அனுப்பப்பட்ட 467 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை முறையாகத் திரட்டி 1986இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் வெளியிட்டார்கள். 87 விழுக்காட்டினர் காப்பீடு போதாத காரணத்தால் மாற்றப்பட்டவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடல்நிலை நிலைப்படுவதற்கு முன்பே வண்டியில் ஏற்றப்பட்டவர். அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பணத்தைப் பெறும் எந்த மருத்துவமனையும், தன் அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் கட்ட முடியுமா என்று பாராமல் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் நிலைப்படுத்த வேண்டும். அனைவருக்கும் மருத்துவம் என்ற உரிமையை இன்றுவரை தராத ஒரு நாட்டில், அந்த ஓர் அறையின் வாசலுக்கு மட்டும் அந்த உரிமை வந்து சேர்ந்தது.

நான் சொல்ல வந்தது இங்கிருந்துதான் தொடங்குகிறது. 'இ.ஆர்.' தொடர் நீடித்து நிற்பதற்குக் காரணம், அது அந்த வாசலின் விதியைத் தன் கதைசொல்லலின் விதியாகவே எடுத்துக்கொண்டது. அடுத்து வருபவர் யார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் அவருக்கு முழுக் கவனம் கொடுத்தாக வேண்டும். குடிகாரர், செனட்டர், வீடற்றவர், துப்பாக்கியால் சுட்டவர், சுடப்பட்டவர் எல்லோருக்கும் ஒரே வாசல். இவர் முக்கியப் பாத்திரம், இவர் துணைப் பாத்திரம் என்று பார்வையாளர் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. ஒரு கலைப் படைப்பு தன் வடிவத்தாலேயே ஓர் அறத்தைச் சொல்வது அரிது. இது அந்த அரிதானவற்றுள் ஒன்று.

இதற்குச் சான்று தொடர் தொடங்கிய ஆண்டிலேயே கிடைத்தது. 'இ.ஆர்.' தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பு, 1994 செப்டம்பர் 18 அன்று, சி.பி.எஸ். அலைவரிசையில் 'சிகாகோ ஹோப்' தொடங்கியது. டேவிட் இ. கெல்லி உருவாக்கியது. அதே நகரம், அதே காலம், தேர்ந்த நடிகர்கள், கூர்மையான எழுத்து. ஆனால் அது பெரும் அறுவை மருத்துவர்களின் மருத்துவமனை. அரிய அறுவைகள், மேதைகள், மேதைகளின் கர்வம். நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு உள்ளே வருகிறார்கள். நல்ல தொடர்தான், ஆறு பருவங்கள் ஓடி 2000இல் முடிந்தது. அதன் பின்னும் 'இ.ஆர்.' ஒன்பது ஆண்டுகள் ஓடியது. மேதையை வியந்து பார்க்கலாம், அந்த வியப்பு சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். வாசலில் வந்து நிற்கும் அடுத்த மனிதர் தீர்வதில்லை.

அவசரப் பிரிவின் இன்னொரு இயல்பையும் எழுத்தாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே வருபவரின் கதையில் ஒரு துண்டு மட்டுமே டாக்டருக்குக் கிடைக்கும். நிலைப்படுத்தியதும் மேல்மாடிக்கு அறுவை அரங்குக்குப் போய்விடுவார், அல்லது வார்டுக்கு, அல்லது வீட்டுக்கு. பிழைத்தாரா, நடந்தாரா, அந்தக் குழந்தை பள்ளிக்குப் போனதா என்று பெரும்பாலும் தெரியாது. பல வருடம் கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த எந்த சிஸ்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தொலைக்காட்சிக் கதைக்கோ முடிவு வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். 'இ.ஆர்.' அதை மீறியது. ஓர் அத்தியாயத்தில் வருபவர்களில் பலரின் முடிவு நமக்குச் சொல்லப்படுவதில்லை. முடிவு தெரியாத அந்த முகங்கள் பார்ப்பவரின் மனதில் தங்கிவிடுகின்றன. அடுத்த வாரமும் அவர் அங்கே வந்து உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை எடுத்த விதமும் பேசத் தக்கது. முதல் அத்தியாயத்தை லாஸ் ஏஞ்சலஸில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய மருத்துவமனையில் படமாக்கினார்கள். பிறகு பர்பாங்க்கில் வார்னர் நிறுவனத்தின் அரங்கத்தில் பிரிவு முழுவதையும் கூரையோடு கட்டினார்கள். படப்பிடிப்பாளரின் உடலோடு பிணைத்துக்கொண்டு ஓடும் 'ஸ்டெடிகேம்' கேமராவால், ஸ்ட்ரெச்சர் ஆம்புலன்ஸ் வாசலில் நுழைந்து அறைக்குள் போய்ச் சேரும்வரை வெட்டே இல்லாமல் தொடர முடிந்தது. கேமரா ஸ்ட்ரெச்சரைச் சுற்றி வரும், இன்னொருவரைப் பின்தொடரும், கதவு திறந்தால் அடுத்த அறைக்குள் போய்விடும். எதைப் பார்க்க வேண்டும் என்று அது நம்மை நிறுத்திவைத்துக் காட்டுவதில்லை. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

சொற்களும் அப்படித்தான். "சிபிசி, கெம்-7" என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாராவது உரக்கச் சொல்வார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஒன்று. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை என்ற ஏழும் இன்னொன்று. தொடர் இதை யாருக்கும் விளக்கியதில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம், அவருக்குத் தெரிந்ததையே விளக்கிச் சொல்லும் செயற்கையான வசனங்கள் அங்கே கிடையாது. எழுதியவர்களில் மருத்துவர்கள் இருந்ததால் இது இயன்றது. லான்ஸ் ஜென்டைல், ஜோ சாக்ஸ் இருவரும் அவசர மருத்துவர்கள். நீல் பேர் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுத வந்தவர், பின்னர் குழந்தை மருத்துவர். தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை, நாம் புரிந்துகொள்வோம் என்று நம்பி, அப்படியே நம் காதில் விழவிட்டார்கள். பார்ப்பவர் அறிவாளி என்று கருதி எழுதப்பட்ட எதற்கும் நீண்ட ஆயுள் உண்டு.

ஓர் அத்தியாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டும். 1995 மார்ச் 9 அன்று வந்தது; லான்ஸ் ஜென்டைல் எழுதி மிமி லெடர் இயக்கியது. எழுத்துக்கும் இயக்கத்துக்கும் எம்மி விருது பெற்றது.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் கணவரோடு வருகிறார். அடிக்கடி சிறுநீர் போகிறது, வேறொன்றும் பெரிதாக இல்லை. மகிழ்ச்சியான தம்பதி, கிண்டலும் சிரிப்புமாக இருக்கிறார்கள். டாக்டர் கிரீன் பரிசோதித்து, சிறுநீர்ப்பைத் தொற்று என்று மருந்தெழுதி அனுப்பிவிடுகிறார். அந்த முடிவில் அலட்சியம் இல்லை. இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய அறிகுறிகளை அவர் ஒரு விதமாகப் படித்தார், அவ்வளவே. வெளியே காருக்குப் போன சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றி வரும் வலிப்பு. இங்கே இருக்கும் செவிலியர் மாணவியருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அது என்னவென்று.

வலிப்பை நிறுத்துகிறார்கள். பிரசவத்தைத் தூண்டுகிறார்கள். மகப்பேறு மருத்துவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேலே அவர்களும் வேறு நெருக்கடியில் இருக்கிறார்கள். நேரம் போகிறது. குழந்தையின் தலை வெளியே வந்து தோள் சிக்கிக்கொள்கிறது. பழக்கமில்லாத அறையில், தன் துறையில்லாத அறுவையைக் கிரீனே செய்ய வேண்டிவருகிறது. குழந்தை பிழைக்கிறது. தாயின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. நீண்ட நேரம் போராடி, மற்றவர்கள் போதும் என்ற பிறகும் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார். பிறகு குழந்தையோடு இருக்கும் கணவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவரும் அவரே.

இதை நான் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் சோகம் இல்லை. சோகம் எழுதுவது எளிது. இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு முடிவும், அந்த நிமிடத்தில் நியாயமாகவே தோன்றுகிறது. எங்கே தவறு நடந்தது என்று பின்னோக்கிப் போய் விரல் வைக்கப் பார்த்தால், விரல் வழுக்கிக்கொண்டே போகிறது. முதல் பரிசோதனையிலா, மகப்பேறு மருத்துவர் வராதபோது இன்னும் உரக்கக் கேட்காததிலா, அறுவையைக் கொஞ்சம் முன்பே தொடங்காததிலா? மருத்துவத் தவறு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு கொடியவர் செய்வதாக இல்லாமல், நல்லவர் ஒருவர் அடுக்கடுக்காக எடுக்கும் முடிவுகளின் இடுக்குகளில். வில்லன் இல்லாமல் இவ்வளவு பதற்றத்தை எழுப்பிய ஒரு மணி நேரத்தை நான் தொலைக்காட்சியில் வேறெங்கும் கண்டதில்லை. எந்த நாட்டு மருத்துவ மாணவருக்கும் இதைப் போட்டுக்காட்டி, பிறகு ஒரு மணி நேரம் விவாதிக்கலாம்.

அதே ஆண்டின் நவம்பரில் வந்த ஓர் அத்தியாயம் இதைவிடப் புகழ் பெற்றது. ஜார்ஜ் குளூனி நடித்த டக் ராஸ், மழைநீர் பெருகும் வடிகாலில் சிக்கிய சிறுவனை மீட்பது. அற்புதமாக எடுக்கப்பட்டது. எனினும் அது மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் வீரச்செயல். எந்த நல்ல தொடரும் அதைச் செய்திருக்க முடியும். கிரீனின் அந்த நாளை இந்தத் தொடர் மட்டுமே செய்திருக்க முடியும்.

பதினைந்து ஆண்டுகளைக் கட்டி நிறுத்திய நூல் ஒன்று உண்டு. அது கற்றுக்கொடுத்தல். முதல் அத்தியாயத்தில் ஜான் கார்ட்டர் என்ற மருத்துவ மாணவர் தன் முதல் நாளன்று உள்ளே வருகிறார்; நடித்தவர் நோவா வைலி. வெள்ளை கோட்டு மடிப்புக் கலையாமல் இருக்கிறது, கை நடுங்குகிறது. அவருக்கு வாய்த்த ஆசான் பீட்டர் பென்டன் என்ற அறுவைப் பயிற்சி மருத்துவர். கடுமையானவர், பாராட்டு வாய் திறந்து வராதவர். அறுவை மருத்துவத்தில் ஒரு பழைய சொல் வழக்கு உண்டு: ஒருமுறை பார், ஒருமுறை செய், ஒருமுறை கற்றுக்கொடு. தொடரின் நடையே அதுதான். பார்வையாளரும் கார்ட்டரோடு சேர்ந்து அந்த இடத்தைப் படித்தார்கள். ஆண்டுகள் போகப்போகக் கார்ட்டர் தடுமாறினார், தேறினார், பிறருக்குக் கற்றுக்கொடுத்தார்.

2000 பிப்ரவரியில் மனநலம் குன்றிய ஒரு நோயாளி, கார்ட்டரையும் அவரிடம் பயின்ற மாணவி லூசி நைட்டையும் கத்தியால் குத்துகிறார். வெளியே காதலர் தினக் கொண்டாட்டத்தில் பாட்டு உரக்க ஒலிக்கிறது; யாருக்கும் கேட்கவில்லை. லூசி இறக்கிறார். கார்ட்டர் வலி மாத்திரைக்கு அடிமையாகிறார். அந்தக் கண்டிப்பான பென்டன்தான், மறுவாழ்வு மையத்துக்குப் போக மறுத்து ஓடும் கார்ட்டரைத் துரத்திப் பிடித்து, அட்லாண்டாவுக்கு விமானத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போகிறார். ஆறு ஆண்டுகளாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஆசான் அந்த இருக்கையில் உட்காரும்போது, அதுவரை நாம் பார்த்த அத்தனை கண்டிப்புக்கும் பொருள் மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒரு காட்சியை இரண்டு மணி நேரத் திரைப்படத்தால் தர முடியாது. ஆண்டுகள் வேண்டும்.

முதல் அத்தியாயத்திலேயே பிரிவின் தலைவர், கிரீனிடம் ஒரு பொறுப்பைச் சொல்கிறார். நெருக்கடியில் மற்றவர்கள் உன் முகத்தைப் பார்த்துத்தான் தங்களை நிதானப்படுத்திக்கொள்வார்கள் என்ற பொருளில். எட்டு ஆண்டுகள் கழித்து, மூளைக் கட்டியால் இறந்துகொண்டிருக்கும் கிரீன் வேலையை விட்டுப் போகும் நாளில் அதையே கார்ட்டரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். 2009இல் கடைசி அத்தியாயத்தில், மருத்துவம் படிக்க விண்ணப்பித்திருக்கும் கிரீனின் மகள் அந்தப் பிரிவைச் சுற்றிப் பார்க்க வருகிறாள்.

செவிலியர் மாணவியரே, உங்களுக்காக ஒன்று. டாக்டர் பாத்திரங்கள் வந்து போயின, செவிலியர்கள் நிலைத்தார்கள். ஹாலே ஆடம்ஸ் என்ற செவிலியராக நடித்த ஈவெட் ஃப்ரீமன் முதல் பருவத்திலும் இருக்கிறார், பதினைந்தாவதிலும் இருக்கிறார். லிடியா, சூனி, மாலிக், லிலி என்று ஒரு கூட்டமே ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தது. கடைசிப் பருவத்தில், வேலையை விட்டுப் போகும் ஒரு டாக்டரை ஹாலே ஓர் ஒதுக்குப்புறமான சுவருக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார். முன்பு அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவரின் லாக்கர் பெயர்ப்பட்டையும் அதில் ஒட்டப்பட்டிருக்கிறது. இடத்தின் நினைவைக் காத்து வைத்திருப்பவர் செவிலியர். கேரல் ஹாத்வே என்ற தலைமைச் செவிலியரையோ, மூலத் திரைக்கதை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்திருந்தது. முன்னோட்டத்தில் பார்த்தவர்களுக்கு ஜூலியானா மார்குலிஸின் நடிப்பு பிடித்துப்போனதால் அவர் பிழைத்தார், ஆறு பருவங்களுக்குத் தொடரின் இதயமாக இருந்தார். எழுதியவர்களைவிடப் பார்த்தவர்களுக்கு அங்கே யார் முக்கியம் என்று தெரிந்திருந்தது.

ஜீனி பூலே பாத்திரத்தையும் குறிப்பிட வேண்டும். எச்.ஐ.வி. தொற்று தெரிந்த பிறகும் வேலையைத் தொடர்ந்த மருத்துவ உதவியாளர். அந்தப் பாத்திரம் சாகவில்லை, வாழ்ந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை அப்போதுதான் 1996 வாக்கில் வந்துகொண்டிருந்தது. எச்.ஐ.வி. என்றாலே மரணக் காட்சி என்றிருந்த திரையில் இது பெரிய காரியம். இந்திய வம்சாவளியில் வந்த ஒரு டாக்டர் நிலையான பாத்திரமாக வருவதற்கோ 2003வரை ஆனது. பார்மிந்தர் நாக்ரா நடித்த நீலா ரஸ்கோத்ரா. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க மருத்துவமனைகளில் எத்தனை இந்திய டாக்டர்கள் உழைத்தார்கள் என்று நினைக்கும்போது இது தாமதம்தான்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. 1996இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 'இ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' மூன்றிலும் நின்றுபோன இதயத்தை மீட்கும் முயற்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேர் உடனடியாகப் பிழைத்தார்கள். 67 விழுக்காட்டினர் வீட்டுக்கே போனதாகத் தெரிந்தது. உண்மையில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்துப் பேரில் ஒருவர் பிழைத்து வீடு திரும்பினாலே பெரிது. திரையில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள், நிஜத்தில் முதியவர்கள். கடைசி நேரத்தில் அப்பாவுக்கு என்ன செய்யலாம், எதைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்களின் மனதில் இந்தக் காட்சிகள் இருக்கின்றன. அதனால் இது சின்னக் குறை இல்லை. மறுபக்கம், மருத்துவச் செய்திகள் தொடரின் வழி மக்களைச் சேர்ந்ததையும் ஆய்வுகள் காட்டின. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸைப் பற்றி ஓர் அத்தியாயம் பேசிய பின், அதன் பெயரைக் கேள்விப்பட்ட பார்வையாளர்கள் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். சில வாரங்களில் அதில் ஒரு பகுதி மறந்தும் போயிற்று.

பிற்காலப் பருவங்களில் வெடிப்பு, ஹெலிகாப்டர் விபத்து, துப்பாக்கிச் சண்டை என்று தொடர் வெளியிலிருந்து ஆபத்தை இறக்குமதி செய்தது. வாசலில் வருபவரே போதும் என்ற தன் முதல் நம்பிக்கையை அது கைவிட்ட இடங்கள் அவை. அங்கெல்லாம் எனக்கு வருத்தமே ஏற்படுகிறது.

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன அந்த இன்னொரு தொடர், 'தி பிட்'. 2025 ஜனவரியில் தொடங்கியது. அதன் முதல் பருவம் பிட்ஸ்பர்க் நகரத்து அவசரப் பிரிவு ஒன்றின் ஒரே ஷிஃப்ட். பதினைந்து மணி நேரம், பதினைந்து அத்தியாயங்கள். தலைமை மருத்துவராக நடிப்பவர், அன்று நடுங்கும் கையோடு வந்த அதே நோவா வைலி. 'இ.ஆர்.' தொடரை நடத்திய ஜான் வெல்ஸ், அதில் எழுதிய ஆர். ஸ்காட் ஜெம்மில், ஜோ சாக்ஸ் எல்லோரும் இதிலும் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும், வைலிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. 2008இல் மறைந்த கிரைட்டனின் குடும்பத்தார் இது 'இ.ஆர்.' தொடரின் மறுவடிவமே என்று வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு மாற்றம் தெரிகிறது. 1994இல் பதற்றம் ஆம்புலன்ஸ் வாசலில் இருந்தது. 2025இல் அது காத்திருப்பு அறைக்கு நகர்ந்துவிட்டது. மேலே வார்டில் படுக்கை இல்லாததால், சேர்க்கை முடிவான நோயாளிகள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், அவசரப் பிரிவிலேயே கிடக்கிறார்கள். படுக்கை அடைபட்டிருப்பதால் வெளியே இருப்பவர்களை உள்ளே எடுக்க முடிவதில்லை. 'தி பிட்' தொடரில், காத்திருந்து பொறுமையிழந்த ஒருவர் தலைமைச் செவிலியர் டேனாவின் முகத்தில் குத்துகிறார். இந்த அடைப்பு கற்பனை இல்லை. அமெரிக்க அவசர மருத்துவம் உடையும் நிலையில் இருக்கிறது என்று அந்நாட்டு மருத்துவ நிறுவனம் 2006லேயே அறிக்கை தந்திருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் வாசலைத் திறந்துவைக்கச் சொன்னது. உள்ளே எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர், அதற்குப் பணம் யார் தருவது என்று சொல்லவில்லை.

குக் கவுன்டியின் 1914ஆம் ஆண்டுக் கட்டடம் இப்போது மருத்துவமனையாக இல்லை. 2002இல் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள். பழையதை இடித்துவிடத்தான் இருந்தார்கள். நகர மக்கள் போராடிக் காத்தார்கள். 2020இல் அது ஹோட்டலாகத் திறந்தது. புதிய கட்டடத்தில் இன்றும் காப்பீடு இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தத் தொடரை விரும்பிப் பார்த்தவர்கள், அதில் வரும் நடிகர்களின் படத்தை மாட்டிவைத்துக்கொண்டதோடு நிற்காமல், அந்தப் புதிய கட்டடத்தில் இன்று இரவு ஷிஃப்டில் எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். நீங்கள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேளுங்கள், மாணவியரே. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.